அடிப்பிடித்த பொங்கல்

எழிலரசன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினான். வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தான். கோலம் போடத் தெரியாது, போடவில்லை. பால் காய்ச்சினான். சீருடைக்கு இஸ்திரி போட்டான். ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, நாலரை டம்ளர் தண்ணீர், குக்கரில் ஐந்து விசில். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை நெய்யில் தாளித்துக் கொட்டினான். ஏழு மணிக்குக் குழந்தையை எழுப்பினான். பல் விளக்கிவிட்டான், குளிப்பாட்டினான், இரட்டைச் சடை பின்னினான். இடது சடை எப்போதும்போல வலது சடைக்கு ஒரு விரல் மேலே நின்றது. தட்டில் பொங்கல் வைத்தான்.

குழந்தை இரண்டு வாய் வாங்கினாள். மூன்றாவது வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“இது அம்மா பொங்கல் இல்ல.”

ஏழே முக்காலுக்கு வேன் வந்தது. ஏற்றிவிட்டான். மீதிப் பொங்கலை நின்றபடியே தின்றான். நன்றாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவினான், வீட்டைப் பூட்டினான், ஏழு ஐம்பத்தைந்துக்கு மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினான்.

பத்து மாதமாக இப்படித்தான்.

எழிலரசனுக்கு முப்பத்தொரு வயது. வில்லியனூருக்கு மேற்கே, ரயில் பாதைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் நடுவே இரண்டு அறை வீடு. பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, ஷாம்பு பாக்கெட் போடும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தான். மனைவி ஜெயசுதா போன வருஷம் சித்திரையில் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. காலையில் தலைவலி என்றாள், மத்தியானம் இல்லை. அவளுக்கு இருபத்தெட்டு. குழந்தைக்கு அப்போது நாலு.

ஜெயசுதாவுக்குச் சமைக்க வராது. ஊருக்கே தெரிந்த விஷயம். அவள் ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை.

கல்யாணமான முதல் தீபாவளிக்கு அதிரசம் சுட்டாள். பாகு பதம் தப்பிவிட்டது. மாவு எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து மணல்மணலாக மிதந்தது. இன்னொருத்தியாக இருந்தால் வாணலியை மூடிவைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். ஜெயசுதா அதை ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுத்து, கிண்ணங்களில் போட்டு, ஸ்பூன் செருகி, வந்தவர்களுக்கெல்லாம் நீட்டினாள். உதிரி அதிரசம் என்று பேரும் வைத்தாள். இன்னொரு முறை மைசூர்பாகு கிண்டினாள். அதை உடைக்க அம்மிக்குழவி தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுக் காசம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டு எடுத்துவிட்டு, இதை வாசற்படிக்கு வைத்துக் கட்டலாம் என்றாள். “அப்ப நல்லா வலுவா வந்துகீதுன்னு சொல்லு” என்று ஜெயசுதா அடுத்த துண்டை நீட்டினாள்.

குக்கரில் பருப்பு வைத்து ஒருநாள் மூடி பறந்தது. சமையலறைக் கூரையில் மஞ்சளாக ஒரு கறை, தட்டு அகலத்துக்கு. அன்றோடு குக்கர் பரணுக்குப் போனது. பிறகு எல்லாம் அலுமினியக் குண்டானில்தான். கறையின் மேல் வெள்ளையடிக்க அவள் விடவில்லை. புதிதாக வந்தவர்களை உள்ளே கூப்பிட்டு அண்ணாந்து பார்க்கச் சொல்வாள்.

கொஞ்சம் கற்றுக்கொண்டால் என்ன என்று எழிலரசன் ஒரே ஒரு முறை கேட்டான்.

“நல்லா இருந்தா எல்லா வூட்டுச் சோறு மாதிரியும் இருக்கும்” என்றாள்.

குழந்தைக்கு அமுதம் என்று பெயர் வைத்ததும் அவள்தான். ரொம்பப் பழைய பெயர் என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். தன் கையால் அமுதம் என்று ஒன்றாவது வரட்டும் என்றாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள்.

எழிலரசனுக்கு அவளைப் பற்றிப் பெருமை உண்டு. அவள் போன பிறகு அது மட்டும்தான் மிச்சம் இருந்தது. மற்றது எதுவும் உறைக்கவில்லை. காலில் முள் ஏறினால்கூட வீட்டுக்கு வந்து தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

ஜெயசுதாவின் அக்கா விஜயராணி வேறு ரகம். தவளக்குப்பம் ஜங்ஷனில் டிபன் கடை. கடலூர் ரோட்டில் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் பொங்கலுக்கு நிற்பார்கள். தங்கை இறந்த பிறகு இரண்டு மாதம் அமுதத்தை அவள்தான் வைத்திருந்தாள். ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க எழிலரசன் போய் அழைத்தபோது மனமில்லாமல் அனுப்பினாள். சனிக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிப்போவாள், ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடுவாள். விடும்போதெல்லாம் குழந்தையின் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் வளைத்துப் பார்ப்பாள். மாசியில் விரல் நுனிகள் தொட்டன. பங்குனியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டது.

அன்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். வருஷப் படையல் முடிந்ததும் அமுதம் தவளக்குப்பம் வந்துவிட வேண்டும். அங்கே பள்ளிக்கூடத்தில் யூ.கே.ஜி.க்குப் பேசிவைத்தாயிற்று. தன் பிள்ளைகளோடு சேர்ந்து நாலு இட்லி தின்கிற குழந்தை, இங்கே இரண்டு வாயில் எழுந்துவிடுகிறது. ஆம்பளை ஒண்டியாக எத்தனை நாளைக்கு வைத்துப் பார்ப்பது?

எப்போதும் கடைசியாக எடுக்கும் வார்த்தையை அவள் எடுத்தாள்.

“சுதா கடைசியா இன்னா சொன்னா? ‘எம் புள்ளைய பாத்துக்குங்க’ இன்னுதான? அந்த வார்த்தைக்காவது அனுப்பு தம்பி.”

ஜெயசுதா அப்படிச் சொல்லவில்லை. சாவு வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள், விஜயராணி வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள். காரியம் முடிவதற்குள் வில்லியனூரிலிருந்து பாகூர் வரை சொந்தத்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம். கடைசிப் பேச்சு எழிலரசனோடுதான். அவன் யாரையும் திருத்தவில்லை. உண்மையில் சொன்னதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தான்.

படையலுக்குள் அமுதம் ஒழுங்காகச் சாப்பிடுவாள் என்று விஜயராணிக்கு வாக்குக் கொடுத்தான். இல்லையென்றால் தானே கொண்டுவந்து விடுவதாகவும் சொன்னான். நாலு வாரம் இருந்தது.

இட்லி, தோசை, பூரி, பால் ரொட்டி எல்லாம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. எதை வைத்தாலும் மூன்றாம் வாயில் அம்மா பொங்கலுக்குத்தான் வந்து நின்றாள். அந்த வீட்டில் காலை என்றால் அவளுக்கு அது ஒன்றுதான்.

அம்மா பொங்கல் எப்படி இருக்கும் என்பது எழிலரசனுக்கும் தெரியும். முன்பு அவனுக்குக் காலை ஷிப்ட். ஆறரைக்கே கிளம்பிவிடுவான், கேன்டீனில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறிக்கடையில் வரிசையில் நின்றுவிட்டு எட்டரைக்கு வீடு திரும்புவான். தட்டில் அது இருக்கும். பழுப்பு நிறம், புகை வாசனை, இடையிடையே முறுகல் பொருக்கு. அடிப்பிடித்த பொங்கல் என்று எந்த நாக்கும் சொல்லிவிடும். ஏன் ஒவ்வொரு முறையும் தவறாமல் பிடிக்கிறது என்று அவன் கேட்டதில்லை. அவள் கைவாகு அது, மறதி அது என்று நினைத்திருந்தான். அவள் போன பிறகு, குழந்தைக்குத் தீய்ந்ததைக் கொடுப்பதா என்று பத்து மாதமாக நன்றாகவே செய்துவந்தான்.

இப்போது ஒரு நோட்டுப் போட்டான். பழைய சரக்குபோலவே புதுச் சரக்கு வர வேண்டும் என்றால் கம்பெனியில் என்ன செய்வார்களோ அதைச் செய்தான். தேதி, அளவு, தீ, நிமிடம். கடைசிக் கட்டத்தில் குழந்தை வாங்கிய வாய். தரக்கட்டுப்பாட்டில் ஏழு வருஷம் இருந்தவன். கழித்துக்கட்ட வேண்டிய சரக்கை மாதிரியாக வைத்துக்கொண்டு அதேபோல் இன்னொன்று செய்வது இதுதான் முதல் தடவை.

சுலபமாக இல்லை. குக்கரில் அடிபிடிக்கவே மாட்டேன் என்றது. அதைப் பரணுக்கு ஏற்றிவிட்டு அவளுடைய குண்டானை இறக்கினான். தீயைப் பெரிதாக வைத்தான். கீழே கரி, மேலே வேகாத அரிசி. அமுதம் முகர்ந்துவிட்டு “கரி” என்றாள். தீயைச் சிறிதாக வைத்து ஏழு நிமிடம் விட்டான். பிடிக்கவில்லை. பத்து நிமிடம் விட்டான். வாசனை லேசாக எழுந்ததும் கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிட்டது. பக்கத்தில் நின்றுகொண்டே ஒரு பண்டத்தைத் தீயவிடுவது மனுஷனால் ஆகிற காரியமாகத் தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். அப்போதும் கரண்டியை எடுத்துவிட்டான். பதிமூன்று தடவை ஆயிற்று. நோட்டின் கடைசிக் கட்டத்தில் நாலு என்ற எண் விழவில்லை.

பதினாலாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாண ஆர்டர் இருக்கிறது என்று விஜயராணி அந்த வாரமும் அடுத்த வாரமும் வரவில்லை. எட்டு மணி சுமாருக்குக் குண்டானில் அரிசியும் பருப்பும் குழைந்துகொண்டிருந்தன. ரயில்வே கேட்டில் மணி அடித்தது. வார நாளில் அந்த மணி அடிப்பதற்குள் அமுதம் வேனிலும் அவன் பஸ்ஸிலும் இருப்பார்கள். போன ஜூனுக்குப் பிறகு இருவரும் வீட்டிலிருந்து அந்த மணியைக் கேட்டது இப்போதுதான். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த அமுதம் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாப்பா, போவலாம்.”

“எங்க?”

“வண்டி வருது. வா.”

“அடுப்புல பொங்கல் இருக்குடி.”

“அது இருக்கும்” என்றாள்.

அது ஜெயசுதா சொல்வது. அந்த இழுப்போடு அப்படியே வந்தது. எழிலரசன் அடுப்பைப் பார்த்தான். அணைக்கவில்லை. போனான்.

கரும்புக் கொல்லையைத் தாண்டி, தண்டவாளத்துக்கு இப்பால் ஒரு மண்மேடு. அமுதம் அதில் ஏறி, தனக்கு வலப்பக்கம் ஒரு ஆள் நிற்கும் இடத்தைக் காட்டினாள். அம்மா அங்கேதான் நிற்கும் என்றாள். அவன் அங்கே நின்றான். விழுப்புரத்து வண்டி வேகம் குறைத்து வந்தது. அமுதம் பெட்டிகளை விரல் நீட்டி எண்ணினாள். ஜன்னலில் யார் இருந்தாலும் கையாட்டினாள். வண்டி போய்விட்டது என்று அவன் திரும்பியபோது சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். ரயில் கார்டு கையாட்டும் வரை போகக் கூடாதாம். கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைக் கை வெளியே வந்து இரண்டு முறை ஆடியது. பிறகுதான் இறங்கினாள். அதோடும் முடியவில்லை. வரும் வழியில் காசம்மாள் வேலியில், காசம்மாள் பார்க்காத நேரம் பார்த்து, ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒடித்தாக வேண்டும். அம்மா அப்படித்தான் செய்யும்.

வீட்டுக்குள் புகை நின்றது. பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. அவன் அவசரமாக மேல்பொங்கலை மட்டும் வழித்தெடுக்கப் போனான்.

“சுரண்டு” என்றாள் அமுதம். “அடியோட சுரண்டு. அம்மா சுடுதண்ணி ஊத்திச் சுரண்டும்.”

ஒரு டம்ளர் சுடுதண்ணீர் ஊற்றி, தோசைத்திருப்பியால் அடிப்பொருக்கைப் பெயர்த்து எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறினான். பழுப்பு ஏறியது. தாளித்துக் கொட்டித் தட்டில் வைத்தான். அமுதம் ஒரு வாய் வாங்கினாள். மென்றாள். பிறகு அவன் கையைத் தள்ளிவிட்டுத் தானே எடுத்துத் தின்றாள். தட்டில் ஒட்டியிருந்த பொருக்கை நகத்தால் கிள்ளித் தின்றாள்.

நோட்டில் கடைசிக் கட்டத்தில் “காலி” என்று எழுதினான். எழுதிவிட்டு வெகுநேரம் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருஷம் அவள் மறதியில் தீய்க்கிறாள் என்று நினைத்திருந்தான். மறதி இல்லை. தீயும் என்று தெரிந்தே போயிருக்கிறாள். வந்து, தீய்ந்ததையும் விடாமல் சுரண்டிக் கலந்து, தலை நிமிர்ந்து பரிமாறியிருக்கிறாள்.

மறுநாள் கம்பெனியில் அரை மணி தாமதமாக வர அனுமதி வாங்கினான். பஸ்ஸை விட்டுவிட்டு பைக்கில் போனான். பள்ளிக்கும் லீவு விட்டுவிட்டார்கள்; பகலில் அமுதம் காசம்மாளின் மருமகளிடம் இருந்தாள். படையலுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் வண்டிக்குப் போனார்கள். ஒன்பது நாளும் காலி.

படையலன்று காலை ஏழு மணிக்கே விஜயராணி தவளக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே கணவன் பலராமன். வடை மாவு, சாம்பார், பாயசம், நல்லவாட்டுக் கடற்கரையில் விடியற்காலை படகடியில் வாங்கிய வஞ்சிரம் என்று தூக்குத் தூக்காக இறங்கியது. கடைசியாக ஒரு பெரிய கட்டைப்பை. அது காலியாக இருந்தது. அமுதத்தின் துணிகளுக்கு என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. விஜயராணி குழந்தையின் மணிக்கட்டை வளைத்துப் பார்த்தாள். விரல்கள் தொட்டன, ஏறவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

இலையில் வைக்கும் மற்றதெல்லாம் அவள் பாடு, பொங்கல் மட்டும் தன் பாடு என்று எழிலரசன் சொல்லிவிட்டான். குண்டானை ஏற்றினான். கேட்டில் மணி அடித்ததும் அமுதத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். அடுப்பைத் தொட வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னான். வடைக்கு உப்புப் பார்க்க முடியாத கவலையில் இருந்தவள் தலையாட்டினாள். படைப்பதற்கு முன்னால் எதிலும் வாய் வைக்கக் கூடாது.

அன்றைக்கென்று வண்டி பத்து நிமிடம் தாமதம். இருவரும் திரும்பி வந்தபோது வீட்டில் புகை இல்லை. அமுதம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“வாசன வரல” என்றாள்.

குண்டான் தரையில் இருந்தது. பொங்கல் வெள்ளைவெளேரென்று, மேலே நெய் மினுங்க, முந்திரி உட்கார்ந்து, கடலூர் ரோடே வரிசையில் நிற்கும் அழகில் இருந்தது.

“நல்ல நேரத்துல பாத்தன் தம்பி” என்றாள் விஜயராணி. “இன்னும் ரெண்டு நிமிஷம் உட்டிருந்தா அம்புட்டும் அடிபிடிச்சிருக்கும்.”

அமுதம் அழவில்லை. அலமாரியிலிருந்து தன் தட்டை எடுத்து, தரையில் கவிழ்த்துவைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். பார்த்தாயா, இதற்குத்தான் சொல்கிறேன் என்று விஜயராணி ஆரம்பித்தாள். இவ்வளவு நல்ல பொங்கலைக்கூடப் பார்த்த உடனே வேண்டாம் என்கிற குழந்தையை இங்கே வைத்து என்ன செய்யப்போகிறாய்? எழிலரசன் குண்டானைக் காலி செய்து கழுவ எடுத்தான்.

“இன்னா பண்ற?”

“இது தப்பா வந்துடுச்சிக்கா. வேற வைக்கறன்.”

“எது தப்பு? பதத்தப் பாரு, பூ மாதிரி கீது.”

“அதான் தப்பு.”

கம்பெனியில் கழித்த சரக்குக்குக் காரணம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னான். குண்டான், சிறு தீ, கேட்டு மணி, மண்மேடு, கார்டு கை, திருட்டுக் கறிவேப்பிலை, சுடுதண்ணீர், சுரண்டல். நோட்டைக் காட்டினான். விஜயராணி பத்து “காலி”களையும் விரல் வைத்துப் படித்தாள். முகம் இளகப்போய் மறுபடி இறுகியது.

“புள்ள தின்னுச்சி, சரி. செத்தவளுக்கு இலையில தீஞ்சத வெப்பியா? யாராவது படைப்பாங்களா அத?”

“அவ ஆறு வருஷம் எனக்கு இததான் படைச்சா.”

கூடத்தில் பலராமன் செருமினான். சுகர் மாத்திரை போட்டாயிற்று, இனிமேல் தாங்காது, இலைக்கு ஆகாத பொங்கல் என்றால் தனக்குக் கொடுங்கள் என்றான். அவனுக்குக் கொடுத்தார்கள். தேவாமிர்தம் என்று இரண்டு தட்டு சாப்பிட்டான்.

புதுச்சேரிக்குப் போன வண்டி ஒன்பதே காலுக்குத் திரும்பும். எழிலரசன் புதிதாக அரிசி களைந்து குண்டானை ஏற்றினான். இந்த முறை விஜயராணியையும் வரச் சொன்னான். அவள் அடுப்பை விட்டு வர மாட்டேன் என்றாள். அதனால்தான் வரச் சொல்கிறேன் என்றான்.

மண்மேட்டில் மூன்று பேரும் நின்றார்கள். இருபது வருஷமாக எரியும் அடுப்புக்கு முதுகு காட்டாதவள் விஜயராணி. நிலைகொள்ளவில்லை. மூன்று தடவை இறங்கப் போனாள். மூன்றாம் தடவை அமுதம் அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுப்புடி” என்றாள் விஜயராணி.

“அது இருக்கும்” என்றாள் அமுதம்.

விஜயராணி அப்படியே நின்றுவிட்டாள். குழந்தையின் முகத்தையே பார்த்தாள். வண்டி வந்ததையும் பெட்டிகள் போனதையும் அவள் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டி வந்தபோது அமுதம் கையைத் தூக்கிவிட, தானும் ஆட்டினாள். கார்டு திருப்பி ஆட்டினார்.

இறங்கும்போதே காற்றில் வாசனை வந்தது. காசம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

“எழிலு, உன் வூட்ல இன்னாவோ தீயுது பாரு.”

“தெரியும்” என்றான் எழிலரசன். ஒரு வருஷமாக அவன் குரலில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. பரிசு வாங்கிய பிள்ளையின் அப்பனைப்போலச் சொன்னான்.

காசம்மாள் மறுபடி மூச்சை இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீட்டுக்கும் மற்ற நாளில் காலை ஏழு மணிக்கே நூறு நாள் வேலைக்கும் போய்விடுகிறவள், இந்தப் பத்து நாளும் இந்த வாசனையைத் தவறவிட்டிருந்தாள்; இன்று படையலுக்காக வீட்டில் நின்றிருந்தாள். அதற்கு முன்பு வருஷக்கணக்கில் இந்த வாசனையை வைத்து எட்டரை மணி என்று கணக்குப் பார்த்தவள்.

“அட, சுதா பொங்கலு” என்றாள். பிறகு, கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டிருந்த அமுதத்தைப் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனை தடவை அப்படித் திருப்பியிருக்கிறாளோ.

தோசைத்திருப்பியை எழிலரசன் விஜயராணியிடம் நீட்டினான். அடிபிடித்தால் பாத்திரத்தோடு வெளியே வைத்துவிடுகிறவள், குந்தி உட்கார்ந்து, குண்டானைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு சுரண்டினாள். அமுதம் போதும் என்று சொல்லும் வரை சுரண்டினாள். இலையில் வஞ்சிரத்துக்கும் வடைக்கும் நடுவே, எல்லோர் கண்ணும் முதலில் விழும் இடத்தில், அந்தப் பழுப்புப் பொங்கலை அவளே வைத்தாள். ஜெயசுதா படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். கும்பிட்டார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது அமுதம் மூன்று கரண்டி வாங்கினாள். விஜயராணி ஒரு வாய் எடுத்து வைத்து நிதானமாக மென்றாள்.

“நல்லாவே இல்ல” என்றாள். சொல்லிக்கொண்டே இலையைக் காட்டி இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னாள்.

பிறகு அவளாகவே பேசினாள். அவர்கள் பிறந்த வீடு அரியாங்குப்பத்தில் ஆற்றோரம். அங்கே ரயில் இல்லை. உலையைப் பார்த்துக்கொள் என்று சுதாவை நிறுத்திவிட்டுப் போனால், ஆற்றில் படகு போகிறது என்று ஓடிவிடுவாள். சோறு தீய்ந்துவிடும். அம்மா அடிப்பாள். அடி வாங்கிக்கொண்டே எத்தனை படகு போயிற்று என்று அக்காவிடம் சொல்லுவாள். அடிக்குப் பயந்து அடுப்பை விட்டு நகராமல் கற்றுக்கொண்டவள் தான் என்றும், அதனால்தான் கடை வைக்க முடிந்தது என்றும் விஜயராணி சொன்னாள். ஒரு படகைக்கூட நின்று பார்த்ததாகத் தனக்கு ஞாபகம் இல்லை என்றாள்.

மத்தியானம் பலராமன் ஆட்டோவுக்குப் போன் போட்டான். விஜயராணி கட்டைப்பையை விரித்தாள். கழுவிய தூக்குகளையும் பாத்திரங்களையும் அதில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். பை நிறைந்தது. துணி வைக்க அதில் இடம் இல்லை.

“ஜூன்ல இங்கியே சேத்துடு” என்றாள். “சனிக்கெழம நான் வரன். ஞாயித்துக்கெழம காலைல வண்டி போறதுக்குள்ள கொணாந்து உட்டுடறன்.”

எழிலரசன் தலையாட்டினான். பையைத் தூக்கிக் கொடுக்கப் போனான். அவள் வாங்கவில்லை.

“தம்பி, அன்னிக்கி நான் அங்க இல்ல. புள்ளைய பாத்துக்கச் சொன்னாள்னு நானாத்தான் சொல்லிகினு கீறன். நெசமா இன்னா சொன்னா?”

அவன் அண்ணாந்து சமையலறைக் கூரையின் மஞ்சள் கறையைப் பார்த்தான். பிறகு சொன்னான். அன்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டதால் அவன் வேலைக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து ஏற்றினான். கேட்டு மூடியிருந்தது, விழுப்புரத்து வண்டிக்காக நிறுத்திவிட்டார்கள். வண்டி போகும்போது அவள் அவன் தோளில் சாய்ந்திருந்தாள். கண்ணைத் திறக்கவில்லை. கடைசிப் பெட்டியும் போன பிறகு ஒன்று சொன்னாள். அதற்கப்புறம் பேசவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவன் முதலில் சமையலறைக்குத்தான் போனான். அடுப்பு அணைந்திருந்தது. அவளே அணைத்திருந்தாள். குண்டானைத் திறந்து பார்த்தான். அடிபிடிக்கவில்லை. அவள் கையால் வெள்ளையாக வந்த ஒரே பொங்கல். யாரும் சாப்பிடவில்லை.

விஜயராணி காத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று, ஜெயசுதா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்:

“ஏங்க, அடுப்ப நிறுத்தனனா இன்னு தெரியல. போயி பாருங்க.”